மே மாத மழையில் பத்து வயதுச் சிறுவன்: ஹர் கீ தூன் பாதையில் கடலூர்க் குடும்பம் ஒன்றுக்கு நேர்ந்த உடல் வெப்பக் குறைவு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஒரு குடும்பம், கடந்த ஆண்டு கோடை விடுமுறையில் உத்தராகண்ட் மாநிலத்தின் ஹர் கீ தூன் பள்ளத்தாக்கில் மேற்கொண்ட நடைப்பயணத்தின் மூன்றாம் நாளில் நடந்ததை இந்தக் குறிப்பு பதிவு செய்கிறது. பயணத்தில் ஐந்து பேர் இருந்தோம்: சிப்காட் ஆலை ஒன்றில் பணிபுரியும் 43 வயதுத் தந்தை, வங்கி ஊழியரான 39 வயதுத் தாய், 14 வயது மகள், 10 வயது மகன், தாயின் அண்ணனாகிய நான். நான் உடற்கல்வி ஆசிரியர். இதற்கு முன் இரண்டு முறை இமயமலைப் பாதைகளில் நடந்திருக்கிறேன். அந்த இரண்டு முறையும் ஒரு சொட்டு மழைகூடப் பெய்யவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாதிக்கப்பட்டவன் என் தங்கை மகன். குடும்பத்தாரின் சம்மதத்துடன், பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன். பயணத்தின் முடிவுகளில் பெரும்பாலானவை நான் எடுத்தவை, தவறிப்போனவை உட்பட.

ஹர் கீ தூன், உத்தரகாசி மாவட்டத்தில் கோவிந்த் தேசியப் பூங்காவுக்குள் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் புல்வெளிப் பள்ளத்தாக்கு. பாதை சூபின் ஆற்றை ஒட்டியே ஏறுகிறது. அந்த ஆறு நேட்வாரில் ரூபினுடன் சேர்ந்து டோன்ஸ் ஆகி, பின்னர் யமுனையில் கலக்கிறது. பாண்டவர்கள் விண்ணுலகுக்கு நடந்த வழி என்று அங்குள்ளவர்கள் சொல்லும் சுவர்க்காரோகிணிச் சிகரம், 6,252 மீட்டர் உயரத்துடன் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் நிற்கிறது. ஏற்றம் படிப்படியாக இருப்பதாலும், ஓஸ்லா வரை வழியில் ஊர்கள் இருப்பதாலும், பிள்ளைகளுடன் செல்வதற்கு இது ஏற்ற பாதை என்று தேர்ந்தெடுத்தோம். அந்தத் தேர்வில் இப்போதும் எனக்குக் குறை தெரியவில்லை.

புறப்படும் முன்

மூன்று மாதங்கள் பயிற்சி செய்தோம். வார நாட்களில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஆளுக்கு ஐந்து கிலோ பையுடன் ஒரு மணி நேர நடை. பையனுக்கு மட்டும் இரண்டு கிலோ. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு முறை செஞ்சிக்குச் சென்று, வெயில் ஏறுவதற்கு முன் ராஜகிரி உச்சி வரை ஏறி இறங்கினோம். பையன் எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடினான். கால் வலிமை, மூச்சு, செருப்புக்கடி ஆகியவற்றைப் பொறுத்தவரை இந்தப் பயிற்சி முழுப் பயன் தந்தது.

ஆனால் அதே பயிற்சி வேறொரு விஷயத்தில் எங்களுக்குத் தவறான பாடத்தைக் கற்பித்தது. ராஜகிரி உச்சியில் பருத்திப் பனியன் பிழியும் அளவுக்கு நனைந்திருக்கும். பத்து நிமிடம் காற்றில் நின்றால் காய்ந்துவிடும். அந்தப் பத்து நிமிடமும் சுகமாக இருக்கும். நனைவது என்பது எங்கள் ஊரில் இளைப்பாறுதலோடு சேர்ந்த சங்கதி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது கூரை பறந்த வீட்டிலிருந்து விடிய விடிய நனைந்தபடி அக்கம்பக்கத்தாரை வெளியேற்றியவர் என் தங்கையின் கணவர். அடுத்த நாள் அவருக்குத் தும்மல்கூட இல்லை. மார்கழியிலும் கடலூரில் இரவு வெப்பநிலை 20 பாகை (டிகிரி செல்சியஸ்) அளவுக்குக் கீழே போவது அரிது என்பதை அப்போது யாரும் அதோடு சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை.

மலை என்றதும் வீட்டில் எழுந்த அச்சங்கள் மூன்று. ஒன்று, 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்த பாட்டி சொன்ன காட்டுத்தீ. இரண்டாவது, பாதையிலிருந்து சறுக்கி விழுதல். மூன்றாவது, உயரத்தால் வரும் நோய்; இதைப் பற்றி நான் நிறையப் படித்திருந்தேன். உறங்கும் உயரத்தை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும் என்பதால் நாட்களையும் கூட்டி வைத்தேன். மழையைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை.

உடைகளில், இரவுக்கென்று கம்பளிச் சட்டையும் பஞ்சடைத்த மேலங்கியும் எல்லோருக்கும் இருந்தன. பகல் நடைக்குப் பருத்திப் பனியனும் பருத்திச் சட்டையும் போதும் என்று முடிவு செய்தோம். மே மாதத்துப் பகல், வெயில் அடிக்கும், வியர்க்கும் என்பது எங்கள் கணக்கு. தரமான மழையங்கிகள் வாங்கினோம். அவற்றை எந்தப் பையில் வைப்பது என்பதைப் பேசவே இல்லை.

முதல் இரண்டு நாட்கள்

அக்னி நட்சத்திரத்தின் நடுவில் கடலூரிலிருந்து கிளம்பி, டேராடூன் சேர்ந்து, அங்கிருந்து புரோலா, மோரி வழியாக ஒரு முழுப் பகல் ஜீப் பயணத்தில் சாங்க்ரி அடைந்தோம். நேட்வார் வனச்சாவடியில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டோம். சாங்க்ரிக்கு மேலே எங்கள் கைபேசிகள் எதிலும் சிக்னல் இல்லை. ஓஸ்லாவைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவர், அவருடைய உறவினரான கோவேறு கழுதைக்காரர் ஒருவர், இரண்டு கழுதைகள். வழிகாட்டிக்கு இந்தி மட்டுமே தெரியும். எங்களில் இந்தி தெரிந்தவள், பள்ளியில் அதை ஒரு பாடமாகப் படிக்கும் மகள் மட்டுமே.

தாலுக்கா என்னும் பெயருடைய ஊரிலிருந்து கங்காட் வரை ஆற்றோரமாக நடந்தது இனிமையான நாள். அன்றிரவு சுமார் 2,300 மீட்டரில் உறங்கினோம். யாருக்கும் தலைவலி இல்லை. எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் முற்பகல்

காலை 8.40க்கு கங்காட்டிலிருந்து புறப்பட்டோம். அன்றைய இலக்கு, ஓஸ்லாவைத் தாண்டிச் சுமார் 2,750 மீட்டரில் இருக்கும் கல்கட்டியாதார் முகாம். முதல் நாளில் தோள் வலிப்பதாகப் பிள்ளைகள் சொன்னதால், அவர்களுடைய பைகளை இலேசாக்கி, மேலங்கி, கம்பளி, மழையங்கி ஆகியவற்றைக் கழுதை மூட்டையில் போட்டுக் கட்டினோம். பெரியவர்களும் அப்படியே செய்தார்கள். நான் மட்டும் என் சுமையை நானே சுமப்பேன் என்ற வீம்பில், உறங்குபை, தரைவிரிப்பு உட்பட எல்லாவற்றையும் முதுகில் வைத்திருந்தேன். பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது அந்த வீம்புதான் உதவியிருக்கிறது. ஆனால் அதை முன்யோசனை என்று நான் பெயர் சூட்டிக்கொள்ள முடியாது.

ஓஸ்லாவுக்குக் கீழே பாதையோரத் தேநீர்க் கடையை அடைந்தபோது மணி 11.50. மற்றவர்கள் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். பையன் இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொண்டான். வழக்கமாக ஓயாமல் பேசுபவன், முக்கால் மணி நேரமாகப் பேசவில்லை என்பதைத் தாய் கவனித்துச் சொன்னாள். களைப்பு என்று நான் சொன்னேன். அது உண்மையும்கூட. அவன் பையை இறக்கியபோது முதுகில் சட்டை, பையின் வடிவத்திலேயே சதுரமாக நனைந்து ஒட்டியிருந்தது. சிறுவர்களுக்குப் பெரியவர்கள் அளவு வியர்ப்பதில்லை. ஆனாலும் காற்றே புகாத இடத்தில் மூன்று மணி நேரம் சேர்ந்த வியர்வை அது. பெரியவர்களாகிய எங்கள் நிலை அதைவிட மோசம். வெயிலுக்குப் பழகிய உடல் சீக்கிரம் வியர்க்கத் தொடங்கும், அதிகமாகவும் வியர்க்கும். கத்திரி வெயிலிலிருந்து நேராக வந்த நாங்கள், 15 பாகைக் காற்றிலும் கடலூர் உடம்போடுதான் நடந்துகொண்டிருந்தோம்.

12.40க்குக் கழுதைக்காரர், மழைக்கு முன் கூடாரம் அடித்துவிட வேண்டும் என்று முன்னால் போய்விட்டார். சற்று நேரத்தில் வழிகாட்டி பள்ளத்தாக்கின் மேற்புறத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். "மாமா, மழை வருமாம். ரெயின்கோட்டை வெளியில எடுத்து வச்சுக்கச் சொல்றார்" என்று மகள் மொழிபெயர்த்தாள். கழுதை அப்போது இருநூறு மீட்டர் தூரத்தில் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. கூப்பிட்டிருக்கலாம். முகாம் ஒன்றரை மணி நேரம்தான், அதற்குள் என்ன பெரிய மழை வந்துவிடப்போகிறது என்று நான் சொன்னேன். இந்த நிகழ்வில் திருத்திக்கொள்ள மிக எளிதாக இருந்த இடம் அதுதான்.

மழை

1.35க்குத் தூறல் தொடங்கியது. ஓடைக்கரையில் ஒரு பாறை ஒதுக்கில் நின்று யோசித்தோம். தங்கையின் கணவர், "தானேயில நனையாததா மச்சான், நடந்துகிட்டே இருந்தா சூடு வந்துரும்" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி: நடக்கும்வரை உடல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் பத்து வயதுப் பையன், பகல் உணவு சாப்பிடாதவன், எவ்வளவு நேரம் அந்த வேகத்தில் நடப்பான் என்ற கேள்வியை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. நடந்தோம்.

2.05க்கு ஆலங்கட்டி விழுந்தது. கொண்டைக்கடலை அளவுக் கட்டிகள், இருபது நிமிடம் விடாமல். அதன் பின் கனமழையும், பள்ளத்தாக்கின் மேலிருந்து இறங்கிய காற்றும். பாதை வழுக்கியதால் எல்லோருடைய வேகமும் பாதியாகக் குறைந்தது. வேகம் குறைந்ததும் உடல் உண்டாக்கும் வெப்பமும் குறைந்தது. முகாமிலிருந்த வெப்பமானி அந்த நேரத்தில் 7 பாகை காட்டியதாகப் பின்னர் தெரிந்துகொண்டோம். பூச்சியத்துக்கு ஏழு பாகை மேலே. பனி இல்லை, உறைந்த ஓடை இல்லை.

கவனித்தவை

2.30 அளவில் பையன், "மாமா, குளுருது" என்று ஒரு முறை சொன்னான். உடல் முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின் அவன் குறை சொல்லவே இல்லை. பழகிவிட்டான் என்று அதை எடுத்துக்கொண்டோம்.

2.40க்குச் சமதளத்திலேயே கால் தடுக்கி விழுந்தான். எழுந்து நாலடி வைத்து மறுபடியும் விழுந்தான். செஞ்சியில் பாறைக்குப் பாறை தாவியவன் அவன். பையின் மார்புக் கொக்கியைக் கழற்றச் சொன்னேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. கொக்கியின் மேல் விரல்கள் வெறுமனே வழுக்கின. "வரல" என்றான். அந்தச் சொல் பல் மருத்துவரிடம் மரத்துப்போன வாயோடு பேசுவதைப் போலக் குழறியது. எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று கேட்டதற்கு, சற்று யோசித்து, "ஆயா வீட்டுக்கு" என்றான். உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தேன். வெகுநேரம் கடலில் குளித்தவனுடையவை போல வெளுத்துச் சுருங்கியிருந்தன. அப்போதுதான் அவனுடைய நடுக்கம் நின்றுபோயிருப்பது எனக்குப் பட்டது. மழை நிற்கவில்லை, அவன் உடை காயவில்லை, ஆனால் நடுக்கம் இல்லை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

தடுமாற்றம், குழறல், மனக்குழப்பம் ஆகிய மூன்றும் இரண்டு வெவ்வேறு ஆபத்துகளுக்கு அடையாளம். ஒன்று ஹைப்போதெர்மியா எனப்படும் உடல் வெப்பக் குறைவு. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்குவது. மற்றொன்று, உயரத்தால் மூளையில் நீர் கோத்துக்கொள்ளும் நிலை. அதற்குத் தாமதமின்றிக் கீழே இறங்குவதே முதல் மருந்து. இரண்டுக்கும் செய்ய வேண்டியவை வேறு என்பதால், எதை முதலில் கையாள்வது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

நாங்கள் நின்ற இடம் சுமார் 2,700 மீட்டர். முந்தைய இரவு உறங்கியது 2,300. பையனுக்குத் தலைவலியோ வாந்தியோ இருந்ததில்லை. உடைகள் முழுவதும் நனைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவன் பசியோடு இருந்தான். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்ற தோல் பரப்பு அதிகம் என்பதால் வெப்பத்தை விரைவில் இழப்பார்கள். ஆகவே குளிரே காரணம் என்று கொண்டு செயல்படுவது, ஆனால் அந்த முடிவுக்கு ஒரு காலக்கெடு வைப்பது என்று தீர்மானித்தேன். உலர்ந்த இடத்தில் சூடுபடுத்தத் தொடங்கி, 3.45க்குள் பேச்சும் நடுக்கமும் திரும்பவில்லை என்றால், வழிகாட்டியின் முதுகில் அவனைக் கட்டி ஓஸ்லாவுக்கு இறக்கி, அங்கிருந்து இரவோடு இரவாகத் தாலுக்கா போவது. மருத்துவமனை என்றால் அதற்கும் கீழே, பல மணி நேர ஜீப் தொலைவில் இருக்கும் புரோலா.

சூடுபடுத்துவது எங்கே என்பது அடுத்த கேள்வி. முகாம் இன்னும் ஐம்பது நிமிட ஏற்றம்; உலர்ந்த துணி எல்லாம் அங்கேதான். தந்தை அவனைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக இருந்தார். தூக்கிக்கொண்டு போனால் பையன் நடக்கவும் மாட்டான், மழையில் இன்னும் ஒரு மணி நேரம் நனையவும் செய்வான் என்பதால் வேண்டாம் என்றேன். பக்கத்தில் ஒதுங்க இடம் இருக்கிறதா என்று மகள் வழியாகக் கேட்டேன். பத்து நிமிடம் பின்னால், பாதைக்குக் கீழே, ஓஸ்லாக்காரர்கள் வயல் வேலைக் காலத்தில் தங்கும் மரக்குடில் ஒன்று இருந்தது. வரும்போது அதைக் கடந்துதான் வந்திருந்தோம், நான் கவனிக்கவில்லை.

மரக்குடிலில்

குடிலில் ஒரு மூதாட்டி ராஜ்மா விதை பொறுக்கிக்கொண்டிருந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வழிகாட்டியை உடனே முகாமுக்கு அனுப்பி, கழுதையைத் திருப்பிக்கொண்டுவரச் சொன்னோம்.

பையனின் உடைகள் அனைத்தையும் கழற்றினோம். பனியனைப் பிழிந்தபோது மண்தரையில் சிறு குட்டை தேங்கியது. தரையின் குளிர் ஏறாமல் இருக்க என் தரைவிரிப்பைக் கீழே போட்டு, உறங்குபைக்குள் அவனை இருத்தி, தலைக்கு என் கம்பளித் தொப்பியை மாட்டினோம். தாய் தன் ஈர மேலாடையைக் களைந்துவிட்டு அவனோடு உறங்குபைக்குள் நுழைந்து, மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். உறங்குபை வெப்பத்தை உண்டாக்காது, இருப்பதைக் காக்க மட்டுமே செய்யும் என்பதால், உள்ளே ஒரு சூடான உடல் தேவைப்பட்டது. வெந்நீர் ஊற்றிய இரண்டு பாட்டில்களை ஈரமில்லாத துணியில் சுற்றி அக்குளிலும் மார்பிலும் வைத்தோம்.

இங்கே இரண்டு சிறு வாக்குவாதங்கள் நடந்தன. மூதாட்டி, பையனின் கைகால்களை அடுப்பருகே நீட்டித் தேய்த்துவிடச் சொன்னார். தங்கை தைலப் புட்டியை எடுத்தாள். இரண்டையும் வேண்டாம் என்றேன். குளிர்ந்து உணர்விழந்த தோலில் தீக்காயம் பட்டாலும் பிள்ளைக்குத் தெரியாது. தேய்ப்பதால் தோலுக்குச் சேதம்தான், உள்வெப்பம் கூடாது. கைகால்களைவிட நெஞ்சும் வயிறுமே முதலில் சூடேற வேண்டும். தைலம் தோலில் ஒரு உணர்வை எழுப்புமே தவிர, உடலுக்கு வெப்பம் எதையும் கொடுப்பதில்லை. நெஞ்சில் தைலம் தடவாமல் ஒரு தாயைத் தடுப்பது அவ்வளவு எளிதல்ல என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன். அடுப்புப் புகை தேங்காமல் இருக்கக் கதவை ஒரு சாண் திறந்தே வைத்தோம்.

தங்கை கொண்டுவந்திருந்த பாதரச வெப்பமானியை அக்குளில் வைத்துப் பார்த்தோம். பாதரசம் குமிழை விட்டு ஏறவே இல்லை. கருவி கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தோம். காய்ச்சல் பார்க்கச் செய்யப்பட்ட அந்தக் கண்ணாடிக் குழாயில் அளவே 94 பாகை பாரன்ஹீட்டில், அதாவது ஏறத்தாழ 34.5 செல்சியஸில்தான் தொடங்குகிறது. எங்கள் வீடுகளில் அந்தக் கருவியிடம் எப்போதும் கேட்கும் கேள்வி "எவ்வளவு கூடியிருக்கிறது" என்பதே. குறைந்திருப்பதைச் சொல்ல அதற்கு இடமில்லை. அக்குளின் அளவு உள்வெப்பத்தைச் சரியாகக் காட்டாது என்பதும் உண்மை. எனவே எண் இல்லாமல், பார்த்ததை மட்டும் வைத்தே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

விழுங்க முடிகிறதா என்று ஒரு மிடறு வெறும் வெந்நீர் கொடுத்துப் பார்த்தபின், பாட்டி கட்டிக் கொடுத்த கருப்பட்டியைக் கரைத்து, கைபொறுக்கும் சூட்டில் சிறிது சிறிதாகப் புகட்டினோம். நடுங்குவதற்கும் உடலுக்கு எரிபொருள் வேண்டும்.

3.30க்குப் பையன் மறுபடி நடுங்கத் தொடங்கினான். பற்கள் கிட்டும் அளவுக்குக் கடுமையான நடுக்கம். தங்கை பயந்து, "அண்ணா, வலிப்பா?" என்று கத்தினாள். நான் காத்திருந்தது அதற்குத்தான். உடல் தன் வேலையை மீண்டும் எடுத்துக்கொண்டதன் அடையாளம் அது. 3.50க்கு அழுதான். நாலு மணிக்குப் பலாச் சிப்ஸ் இருக்கிறதா என்று தெளிவாகக் கேட்டான். நான் வைத்த காலக்கெடுவான 3.45க்கு, நடுக்கம் மட்டும் திரும்பி, பேச்சு இன்னும் தெளியாத நிலையில் நாங்கள் தயங்கி நின்றோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பதினைந்து நிமிடம் நீட்டித்தேன். அந்த நீட்டிப்பு சரியாக அமைந்தது. சரியாக அமையாமலும் போயிருக்கலாம்.

மகள்

இந்த நேரமெல்லாம் மகள் வாசல் ஓரமாக நின்று, மூதாட்டி சொல்வதை எங்களுக்கும் நாங்கள் சொல்வதை மூதாட்டிக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு மேல், தேநீர்த் தம்ளரை வாங்கும்போது அது அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். உதடுகள் நீலம் பாய்ந்து, ஈரச் சட்டையுடன் முழுதாக ஒரு மணி நேரம் நின்றிருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை. தன் பெற்றோரும் மாமாவும் தன் குரலை மட்டுமே பயன்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில், தனக்குக் குளிர்கிறது என்று சொல்வது அவளுக்கு முறையாகத் தோன்றவில்லை. மூதாட்டிதான் தன் கம்பளிப் போர்வையை எடுத்து, அவளுடைய ஈரச் சட்டையை உரிக்கச் சொல்லி, அடுப்பருகே உட்கார்த்தினார். நல்லவேளையாக அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. அரை மணியில் சரியானாள்.

ஒருவர் இந்நிலைக்கு ஆளாகும் இடத்தில், அதே மழையில் அதே உடையில் வந்த மற்றவர்களும் அதே சரிவின் வெவ்வேறு படிகளில் நிற்பார்கள் என்பதை நான் படித்திருந்தேன். படித்தது அந்த அறையில் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த நாள்

ஐந்து மணிக்குக் கழுதை மூட்டைகள் வந்துசேர்ந்தன. இரவை அந்தக் குடிலிலேயே கழித்தோம். உறங்கும் முன் பையனைச் சட்டைப் பொத்தான் போடச் சொல்லியும், தரைப்பலகையின் விளிம்பில் ஒரு காலை ஒட்டி மறுகாலை வைத்து நடக்கச் சொல்லியும் பார்த்தேன். இரண்டையும் தடுமாறாமல் செய்தான். உயரத்தின் பாதிப்பாக இருந்தால் அது சூட்டினால் இப்படித் தெளிந்திருக்காது என்பது எனக்கு ஆறுதல்.

மறுநாள் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பையன் மேலே போகலாம் என்றான். தந்தை, தானும் மகளும் வழிகாட்டியோடு மேலே போய்வருவதாகவும், மற்ற மூவர் காத்திருப்பதாகவும் ஒரு யோசனை சொன்னார். ஒரே வழிகாட்டியும் ஒரே மொழிபெயர்ப்பாளரும் இருக்கும் குழுவைப் பிரிப்பதில்லை என்று மறுத்தேன். உறங்குபைகளில் இரண்டு நனைந்திருந்தன. பிற்பகலில் மறுபடியும் மேகம் கூடும் என்று வழிகாட்டி சொன்னார். இந்த முறை கேட்டோம். ஓஸ்லாவுக்கு இறங்கி, அங்கே இரண்டு இரவு தங்கி, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஹர் கீ தூனை நாங்கள் பார்க்கவில்லை. மகளுக்கு அது பெரிய ஏமாற்றம். டேராடூன் வரும்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை.

கடலூர் திரும்பியதும் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் பையனைப் பார்த்தார். பாதிப்பு எதுவும் இல்லை.

பின்னர் ஆராய்ந்தபோது

பனியைக் கண்டால் மட்டுமே குளிர் என்று எண்ணியது எங்கள் அடிப்படைப் பிழை. இரவில் பூச்சியத்துக்குக் கீழே போகும் என்று கேள்விப்பட்டு அதற்கு ஆயத்தமானோம். 7 பாகைப் பகல் மழையை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. ஆனால் உலர்ந்த குளிரில் கம்பளிக்குள் இருக்கும் பிள்ளையைவிட, அதைவிட மிதமான குளிரில் நனைந்து, காற்றில் நிற்கும் பிள்ளைக்கே ஆபத்து அதிகம். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். இழைகளுக்கிடையில் காற்றைப் பிடித்துவைப்பதே துணி தரும் சூடு. பருத்தி நனைந்தவுடன் அந்தக் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது.

வீட்டில் இதை எடைபோட்டுப் பார்த்தோம். சமையலறைத் தராசில் பையனின் பருத்திப் பனியன், அரைக்கைச் சட்டை இரண்டும் சேர்ந்து 210 கிராம். நனைத்து, கையால் முறுக்கிப் பிழிந்த பின் 450 கிராம். அதே அளவு பாலியெஸ்டர் விளையாட்டுச் சட்டை 115 கிராம், பிழிந்தபின் 180. என் பள்ளியில் விளையாட்டு விழாவுக்கு மலிவாக வாங்கிக் கொடுக்கும் சட்டை அது. "வியர்வையை உறிஞ்சாது" என்று பெற்றோர் குறைசொல்லும் அதே குணம், மலையில் அதற்குச் சாதகமாகிவிடுகிறது.

மாற்றிக்கொண்டவை

நடைக்கு இனிப் பருத்தி இல்லை, உள்ளாடை உட்பட. மழையங்கி, கம்பளிச் சட்டை, உலர்ந்த ஒரு மாற்றுப் பனியன் ஆகியவை பிளாஸ்டிக் உறையில் சுற்றி அவரவர் முதுகிலேயே இருக்கும். கழுதையின் மீது இவை ஏறுவதில்லை. தோள் வலிக்கிறது என்றால் வேறு எதையாவது குறைக்கலாம். மழையங்கியைத் தூறலுக்கு முன்பே, காற்று திரும்பும்போதே போட்டுவிடுவது. ஏற்றத்தில் வியர்க்கும் என்றால் வேகத்தைக் குறைப்பது.

மணிக்கொரு முறை நின்று, ஒவ்வொருவரும் தன் பையின் கொக்கியைத் தானே கழற்றி மாட்டிக் காட்ட வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். "குளிர்கிறதா" என்று பிள்ளையிடம் கேட்டால் இல்லை என்றே பதில் வரும். விரல்கள் பொய் சொல்வதில்லை. சாப்பிடாத பிள்ளையோடு அடுத்த ஏற்றம் இல்லை. வழிகாட்டி வானத்தைப் பார்த்துச் சொல்வதை மீறுவதென்றால், அதற்குக் காரணத்தைப் பெரியவர்கள் இருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். மகளைத் தவிர இன்னொருவருக்கும் தேவையான அளவு இந்தி தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத் தங்கையின் கணவர் இப்போது அவளிடமே கற்றுக்கொள்கிறார். "ரெயின்கோட்" என்பது இந்தியிலும் ரெயின்கோட்தான் என்று அறிந்தபோது சங்கடத்தோடு சிரித்தார்.

பயிற்சியையும் மாற்றினோம். ஐப்பசி மழையில், வழக்கமாகப் பயிற்சியை ரத்து செய்யும் மாலைகளில்தான் இப்போது தேவனாம்பட்டினம் போகிறோம். 26 பாகை மழையில் மலையின் குளிர் கிடைக்காது என்பது தெரியும். ஆனால் ஈரக் கையால் பையைத் திறந்து, மழையங்கியை எடுத்து, பை நனையாமல் மூடி, அங்கியை மாட்டிக்கொள்ள எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கலாம். முதல் முறை பையனுக்கு நாலு நிமிடம் ஆனது. இப்போது ஐம்பது விநாடி. எனக்கு இன்னும் ஒன்றரை நிமிடம் ஆகிறது. அவன் எண்ணிக்கொண்டே நிற்கிறான்.